மலாய்த் திருமண வீட்டுக்கு விருந்தினராகச் செல்வோருக்கு

கேள்வி: பெங்களூரில் என்னுடன் வேலை பார்த்த மலாய்த் தோழிக்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், அவளுடைய சொந்த ஊரில் திருமணம். நானும் கணவரும் செல்கிறோம். வெள்ளிக்கிழமை இரவு பள்ளிவாசலில் நிக்காஹ், மறுநாள் வீட்டில் விருந்து. அழைப்பிதழில் காலை 11 மணி முதல் மாலை 4 மணி வரை என்று மட்டுமே இருக்கிறது. எந்நேரத்துக்குச் செல்வது? பட்டுப்புடவை உடுத்தலாமா? மொய் எழுதும் வழக்கம் உண்டா? – வாசகி, அல்சூர், பெங்களூரு.

பதில்: முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். மலாய்த் திருமணத்தில் இஸ்லாமிய மார்க்கம் விதித்தது ஒரு பகுதி, ஊர்வழக்கம் சேர்த்தது ஒரு பகுதி. வெள்ளிக்கிழமை இரவு நடப்பது முன்னது; சனிக்கிழமை நடப்பது பின்னது. இரண்டிலும் விருந்தினர் நடந்துகொள்ளும் முறை வேறு.

அகாட் நிக்காஹ் எனப்படும் முதல் நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் நெருங்கிய உறவினரே கூடுவர் என்பதால், உங்களை அதற்கும் அழைத்திருப்பது தோழி உங்கள்மேல் வைத்திருக்கும் பாசத்தைக் காட்டுகிறது. திருமணத்தை நடத்திவைக்கும் காதியாரோ பெண்ணின் தந்தையோ மணமகனின் கையைப் பிடித்துக்கொண்டு திருமண வாசகத்தைச் சொல்ல, அவர் தடுமாறாமல், கூடுமானவரை ஒரே மூச்சில், இந்த மகர்த் தொகைக்கு (மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மணக்கொடை) இப்பெண்ணை ஏற்கிறேன் என்று மறுமொழி சொல்ல வேண்டும். சொல் குழறினால் மறுபடியும் சொல்லச் சொல்வார்கள். அப்போது யாரும் சிரிப்பதில்லை, நீங்களும் சிரித்துவிடாதீர்கள். சாட்சிகள் இருவரும் செல்லும் என்று ஒப்புக்கொண்டதும் திருமணம் நிறைவேறிவிடும். அங்கே அறிவிக்கப்படும் மகர்த் தொகை மிகச் சிறியதாகக் காதில் விழலாம். ஜொகூரில் நெடுங்காலமாக வழங்கிவரும் குறைந்த அளவு 22.50 ரிங்கிட், சிலாங்கூர் மாநிலத்தில் 300 ரிங்கிட். மணமகன் வீட்டார் கொடுக்கும் ஹந்தாரான் பணமும் அலங்கரித்த சீர்த்தட்டுகளும் இதில் சேராதவை. தொகையைக் கேட்டு வியப்பை முகத்தில் காட்டாமல் இருப்பதே மரியாதை.

பள்ளிவாசலுக்குப் புடவைதான் வேண்டும் என்றால் முழுக்கை ரவிக்கை அணிந்து, இடுப்புத் தெரியாமல் முந்தானையைப் போர்த்தித் தலையையும் மூடிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அன்றிரவுக்குத் துப்பட்டாவோடு தளர்வான சல்வார் போதும், காஞ்சிப் பட்டை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். மணமக்கள் நிக்காஹுக்குப் பெரும்பாலும் வெள்ளை உடுத்துவதால் வெள்ளையைத் தவிர்ப்பது நல்லது; மஞ்சள் மலாய் அரச குடும்பத்தின் நிறம் என்பதால் முழு மஞ்சளையும் விட்டுவிடலாம். ஆண்கள் எதிரே பெண்கள் கை நீட்டாமல், வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலைசாய்த்தால் போதும். உங்கள் கணவரும் அங்குள்ள பெண்களிடம் அவ்வாறே வணங்கட்டும். தோழியின் பெற்றோரை ‘பாக் சிக்’ (மாமா), ‘மாக் சிக்’ (அத்தை) என்று அழையுங்கள். பெயர் சொல்லி அழைப்பது அழகன்று.

மறுநாள் விருந்துக்கு முகூர்த்தம் கிடையாது. குறித்த நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து, சாப்பிட்டு, வாழ்த்திவிட்டுப் போகலாம் என்பதே அழைப்பின் பொருள். ஆனால் ஒரு நாள் அரசராகக் கருதப்படும் மணமகன் வரும் காட்சியைத் தவறவிடக் கூடாது என்பதால், அவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அரைமணி முன்னதாகச் சென்றுவிடுங்கள். கொம்பாங் என்னும் ஒருமுகப் பறைகளைக் கையால் தட்டிக்கொண்டு இளைஞர் கூட்டம் முன்னே வர, மினுக்குத் தாளால் செய்த பாளைப்பூக்களைக் கழிகளில் ஏந்தியவர்கள் இருபுறமும் வர, நடுவில் மணமகன் வருவார். பிறகு இருவரையும் பெலாமின் எனப்படும் மணமேடையில் அமர்த்துவார்கள்.

சில வீடுகளில் அப்போது பெரியவர்களை ஒவ்வொருவராக அழைத்து வாழ்த்தச் சொல்வார்கள். மணமக்கள் மடிமேல் கைகளை விரித்து வைத்திருக்க, அழைக்கப்பட்டவர் தட்டிலுள்ள பன்னீரை அக்கைகளில் தெளித்து, மஞ்சள் அரிசியையும் பூவிதழையும் தோள்பக்கமாக மெல்லத் தூவுவார். நம் அட்சதையைப் போலத் தலைமேல் வீச வேண்டாம். அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். அழைக்காவிட்டால் குறையாக எண்ணாதீர்கள். மார்க்கத்தில் இல்லாதது என்று கருதி இச்சடங்கையே விட்டுவிட்ட குடும்பங்கள் இன்று பல உண்டு. அது அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்ட விஷயம். ஏன் செய்யவில்லை என்று விருந்தினர் கேட்கலாகாது.

மொய் நோட்டும் ஒலிபெருக்கி அறிவிப்பும் அங்கே கிடையாது. விடைபெறும்போது உறையில் வைத்த பணத்தை, கைகுலுக்கும்போதே உள்ளங்கைக்குள் சேர்த்துவிடுவார்கள். நீங்கள் தோழியின் தாயாரிடமும், உங்கள் கணவர் தோழியின் தந்தையாரிடமும் கொடுங்கள். வீட்டு விருந்துக்கு ஆளுக்கு 50 ரிங்கிட் வைத்தால் குறைவில்லை. ஒரு ரூபாய் சேர்க்கும் கணக்கு வேண்டாம். பெங்களூரிலிருந்து பரிசும் கொண்டுசெல்ல விரும்பினால், மைசூரின் மரப்பதிப்பு வேலைப்பாடுள்ள பெட்டியில் பூவோ கொடியோ உள்ளதாகப் பாருங்கள். தெய்வ உருவம் செதுக்கியவற்றை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: சைவ உணவு மட்டுமே உண்பவன் நான். மலாய்த் திருமண விருந்தில் என்ன செய்வது? சாப்பிடாமல் வந்துவிடலாமா? – வாசகர், மல்லேஸ்வரம், பெங்களூரு.

பதில்: கை நனைக்காமல் திரும்பாதீர்கள். வீட்டு விருந்து என்றால் உறவினரும் அண்டை அயலாரும் முதல்நாளே கூடி வெங்காயம் உரித்து, பெரிய அண்டாக்களில் சமைக்கிறார்கள். அத்தனை பேர் உழைப்பும் விருந்தினர் தட்டில் நிறைவு பெறுவதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள். ஆயினும் கவனம் வேண்டும். தேங்காய்ப்பாலில் வற்றவைக்கும் ரெண்டாங் பெரும்பாலும் மாட்டிறைச்சி. தால்சா பருப்புக் குழம்பு போலத் தெரிந்தாலும் எலும்போ இறைச்சியோ போட்டுக் கொதிக்க வைப்பது வழக்கம். சம்பால் என்னும் மிளகாய்த் துவையலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். நாசி மிஞாக் எனப்படும் நெய்ச்சோற்றையும் சில வீடுகளில் இறைச்சிச் சாற்றில் வேகவைப்பதுண்டு. ஆகவே ஒரு வாரம் முன்பே, இறைச்சி, மீன், இறால் மூன்றும் சேராது என்று தனித்தனியாகப் பெயர் சொல்லித் தெரிவித்துவிடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து சேரலாம். சொன்னபின் முட்டையில்லாத காய்கறிப் பிரட்டலோ அன்னாசிப் பச்சடியோ உங்களுக்கென ஒதுக்கி வைப்பார்கள். வலக்கையால் உண்ணுங்கள். மேசைமேல் கெண்டியில் உள்ள தண்ணீர் கை கழுவுவதற்கு. குடிப்பதற்கு ரோஜாச் சர்பத்தைத் தனியே வைத்திருப்பார்கள்.