வரவேற்பறையில் இதம்: உள்ளலங்கார வடிவமைப்பாளரின் கேள்வி பதில்

வரவேற்பறையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பதிலில் அடங்கக்கூடிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் மேடம். சுவருக்குப் புதிதாக வண்ணம் அடித்தோம். நல்ல சோபாவும் வாங்கினோம். பகலில் அறை அழகாகத்தான் இருக்கிறது. மாலையானால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. குறை எங்கே?

வண்ணத்தையும் சோபாவையும் பற்றி எழுதிய நீங்கள் விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பகலில் நன்றாக இருக்கும் அறை மாலையில் மாறிவிடுகிறது என்றால் குறை அங்கேதான் இருக்க வேண்டும். பல்பு வரும் பெட்டியில், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் என்ற அளவில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். 6500 கெல்வின் நீலம் கலந்த வெண்மை, 4000 நடுத்தரமானது, பழைய இழை பல்பு தந்த மஞ்சள் ஒளி ஏறத்தாழ 2700. வரவேற்பறைக்கு 2700 முதல் 3000 வரை போதும்.

ஆனால் பல்பை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம், ஏனெனில் ஒளியின் நிறத்தைவிட அது வரும் இடம்தான் பெரிய காரணம். கூரை நடுவில் ஒரே விளக்கு எரியும்போது எல்லாச் சுவர்களும் ஒரே அளவில் வெளுத்துத் தெரிகின்றன. உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணுக்குக் கீழே நிழல் விழுகிறது. பார்வை தங்குவதற்கு அறையில் ஓர் இடமும் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக, சோபாவின் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு, எதிர் மூலையில் ஒரு தரை விளக்கு, அலமாரித் தட்டில் ஒரு சிறிய விளக்கு என்று மூன்று இடங்களில், உட்கார்ந்தவரின் கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ ஒளி இருக்கட்டும். ஒவ்வொன்றும் 400 முதல் 500 லூமென் (பல்பு தரும் ஒளியின் அளவு) தந்தால் போதும். பழைய 60 வாட் பல்பு தந்தது சுமார் 800 லூமென் என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளலாம். எதையும் வாங்குவதற்கு முன், இன்றிரவு படுக்கையறை விளக்கை எடுத்து வந்து சோபா அருகே வைத்து, மேல் விளக்கை அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: வார்ம் ஒயிட் பல்பு போட்ட பிறகு எல்லாமே மஞ்சள் பூசியது போல் தெரிகிறது. சிவப்புக் குஷன்கள் களையிழந்துவிட்டன. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைத்தும் பயனில்லை. வெள்ளை விளக்குக்கே திரும்பிவிடலாமா?

திரும்ப வேண்டாம், வேறு பல்பு வாங்குங்கள். உங்கள் சிக்கல் கெல்வினில் இல்லை, சி.ஆர்.ஐ. எனப்படும் நிற வெளிப்பாட்டுக் குறியீட்டில் இருக்கிறது. பொருள்களின் நிறத்தை ஓர் ஒளி எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான இந்த மதிப்பெண் மலிவான எல்.இ.டி. பல்புகளில் பெரும்பாலும் 80ஐ ஒட்டியே நின்றுவிடும். அது எட்டு மென்னிறங்களின் சராசரி மட்டுமே என்பதால், அழுத்தமான சிவப்பு கணக்கிலேயே வருவதில்லை. அந்தச் சிவப்புக்கு ஆர்9 என்று தனி அளவு உண்டு. சி.ஆர்.ஐ. 90க்கு மேலும், ஆர்9 50க்கு மேலும் உள்ள பல்பைத் தேடுங்கள். குஷன்களுக்கு உயிர் திரும்பிவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டச்சு இயற்பியலாளர் க்ரூய்தாஃப், மங்கிய வெளிச்சத்தில் மஞ்சள் ஒளி இனிமையாகவும், அதே ஒளி மிகப் பிரகாசமானால் செயற்கையாகவும் தோன்றுகிறது என்று 1941இல் எழுதினார். எந்த ஒளி எதுவரை இனிமை என்று அவர் வரைந்த எல்லைக்கோடுகளைப் பிற்கால ஆய்வுகள் முழுமையாக ஏற்கவில்லை என்றாலும், வீட்டு அறைகளுக்கு அந்தத் திசை சரியாகவே பொருந்துகிறது. கூரை முழுவதும் வார்ம் ஒயிட் விளக்குகளைப் பதித்து எல்லாவற்றையும் ஒன்றாக எரியவிட்டால் கிடைப்பது இதமல்ல, மஞ்சள் வெள்ளம்.

டிம்மர் பயன் தராததற்கும் விளக்கம் உண்டு. இழை பல்பைக் குறைக்கக் குறைக்க அதன் ஒளி சிவந்துகொண்டே போகும்; சாதாரண எல்.இ.டி. நிறம் மாறாமல் மங்க மட்டுமே செய்யும். மங்கும்போது நிறமும் சிவக்கும்படி செய்யப்பட்ட எல்.இ.டி. பல்புகள் தனியே கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் அது டிம்மருக்கு ஏற்றது என்று பெட்டியில் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் கண் கூசும் வகையில் துடிக்கும்.

கேள்வி: ஒளியைக் குறைத்ததும் வயதான அப்பா, "செய்தித்தாள் படிக்க முடியவில்லை" என்கிறார். எனக்கு மங்கிய ஒளி பிடித்திருக்கிறது. இருவருக்கும் எப்படிப் பொருந்தும்?

அவர் சொல்வது உண்மை. வயது கூடக்கூடக் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. ஆகவே விழித்திரையை அடையும் ஒளி குறைந்துவிடுகிறது. அறை முழுவதற்கும் வெளிச்சத்தைக் கூட்டாமல், அவர் உட்காரும் நாற்காலியின் பின்பக்கத் தோளருகே, தனிச் சுவிட்சுடன் ஒரு படிப்பு விளக்கை வையுங்கள். விளக்குக் கவிகையின் கீழ் விளிம்பு அவர் கண் மட்டத்தில் இருந்தால் பல்பு நேரடியாகக் கூசாது. நடைவழியில் மட்டும் இருள் தேங்கவிடாதீர்கள்.

கேள்வி: இதமான அறை வேண்டுமென்றால் சுவருக்கு ஆரஞ்சு, பழுப்பு போன்ற வண்ணங்களைத்தான் அடிக்க வேண்டுமா? எங்கள் சுவர் இளம் சாம்பல்; சில நேரம் நீலமாகவே தெரிகிறது.

வேண்டியதில்லை. எந்த வண்ணமும் தனித்துத் தெரிவதில்லை. அருகிலுள்ள வண்ணம் அதை மாற்றிக் காட்டும். பாரிசின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், சாயத்தில் குறை இருப்பதாக வந்த புகார்களை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டறிந்து 1839இல் விரிவாக வெளியிட்டார். உங்கள் சுவரின் முன்னால் மரப்பழுப்பு, காவி, கடுகு மஞ்சள் போன்ற துணிகளும் மரச்சாமான்களும் வந்தால், அதே சாம்பல் அமைதியான பின்னணியாகிவிடும்.

அது நீலமாகத் தெரிவதற்குக் காரணம், நேர் வெயில் வராத சன்னல் வழியே வானத்தின் நீல ஒளி மட்டும் நுழைவதாக இருக்கலாம். அப்படியானால் மஞ்சளோ சிவப்போ சிறிதளவு கலந்த வெள்ளை நன்றாக இருக்கும். மாதிரியைப் பழைய சுவரில் பூசாமல், இரண்டடி அட்டையில் பூசி, காலையிலும் இரவிலும் வெவ்வேறு சுவர்களில் சாய்த்துப் பாருங்கள்.

எல்லோரும் முதலில் முடிவு செய்யும் சுவர் வண்ணத்தை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். துணிக்கு ஏற்றபடி பெயிண்டைக் கலந்து வாங்கலாம். பெயிண்டுக்கு ஏற்ற துணியைத் தேடுவது வீண் அலைச்சல்.

கேள்வி: ஐந்தாறு பேர் உட்காரும் பெரிய ஹால். நாற்காலிகள் எல்லாம் சுவரை ஒட்டி இருக்கின்றன. பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. யாரும் நெடுநேரம் உட்காருவதில்லை.

இருக்கைகளைச் சுவரிலிருந்து விடுவியுங்கள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் விடும் இடைவெளியை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், சமூகப் பழக்கத்துக்கான தூரத்தை 4 முதல் 12 அடி வரை என்று வகுத்தார். அதில் 7 அடிக்கு உட்பட்ட பகுதியில்தான் பேச்சு இயல்பாக ஓடுகிறது, அதற்கு அப்பால் அது முறைசார்ந்ததாகிவிடுகிறது. எனவே எதிரெதிர் இருக்கைகள் ஏழடிக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டீப்பாய் சோபாவிலிருந்து 40 முதல் 45 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் கால் நீட்டவும் கை எட்டவும் வசதி. பின்னால் நடப்பதற்கு 75 முதல் 90 சென்டிமீட்டர் விட்டால் போதும். கம்பளம் எல்லா இருக்கைகளின் முன்கால்களும் அதன் மேல் நிற்கும் அளவுக்கு இருக்க வேண்டும். நடுவில் தீவு போலக் கிடக்கும் சிறு கம்பளம் இருக்கைகளை ஒன்றுசேர்ப்பதில்லை.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. தன் முதுகு பாதுகாப்பாகவும் முன்னால் பார்வை திறந்தும் இருக்கும் இடத்தையே மனிதன் விரும்புகிறான் என்று புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975இல் வாதிட்டார். அறை நடுவே முதுகு வெறுமையாக விடப்பட்ட சோபா ஏன் எப்போதும் காலியாகவே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அதன் பின்னால் ஒடுங்கிய மேசை ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு விளக்கை ஏற்றிவையுங்கள். வாசலுக்கு முதுகு காட்டும்படி மட்டும் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது பத்துக்குப் பத்து அறை. சிறிய அறைக்குச் சிறிய பொருள்கள்தானே சரி?

இல்லை. சிறிய பொருள்கள் பல சேர்ந்தால் அறை கடைபோல் ஆகிவிடும். ஒரு நல்ல சோபா, ஒரு நாற்காலி, தரையின் பெரும்பகுதியை மூடும் ஒரே கம்பளம், அவ்வளவுதான்.

கேள்வி: டைல்ஸ் தரை, அகலமான கண்ணாடிச் சன்னல்கள். பேசினால் எதிரொலிக்கிறது. இதற்கும் அலங்காரத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. கண்ணுக்கு இதமாக இருந்தும் காதுக்கு இதமில்லாத அறைகள் பல. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியாத அளவுக்கு எதிரொலி இருந்தபோது, இளம் ஆசிரியர் வாலஸ் சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் அந்த மெத்தைகளிலிருந்துதான் ஓர் அறிவியலாக வளர்ந்தது.

உங்கள் வீட்டுக்கும் மருந்து அதுவே: அடியில் ஃபெல்ட் விரிப்புடன் தடித்த கம்பளம், துணியுறை போட்ட சோபா, சன்னல் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணியில் மடிப்பு விழத் தைத்த திரைச்சீலைகள். மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டிய மெல்லிய திரை ஒலியை உறிஞ்சாது. திரைக்கம்பியைச் சன்னலுக்கு அரையடி மேலே பொருத்தி, துணியைத் தரை தொடும்வரை தொங்கவிட்டால் தோற்றமும் நன்றாக இருக்கும். ஆனால் இவை உள்ளே எழும் ஒலியைத்தான் அடக்கும். தெருச் சத்தம் உள்ளே வருவதைப் பெரிதாகத் தடுக்காது.

கேள்வி: மகளுக்குத் தூசி ஒவ்வாமை. கம்பளமும் கனத்த திரையும் இல்லாமல் இதம் சாத்தியமா?

சாத்தியம்தான். பஞ்சுபோல் மயிர் நீண்ட கம்பளத்துக்குப் பதிலாகத் தட்டையாக நெய்த, துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பைப் போடுங்கள். உறைகளையும் திரைகளையும் 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவைத்தால் தூசிப் பூச்சிகள் மடியும். ஆகவே அந்தச் சூட்டைத் தாங்கும் துணியாகத் தேர்ந்தெடுங்கள். மீதி வேலையை மரம் செய்யட்டும். ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் கல்லும் உலோகமும் கையின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்கின்றன. மரம் மெதுவாக இழுப்பதால் அதைத் தொடும்போது குளிர்வதில்லை. கை படும் இடங்களான நாற்காலிக் கைப்பிடி, டீப்பாய் ஆகியவற்றை மரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெழுகுவர்த்தி வைக்கலாமா?

அதன் ஒளி ஏறத்தாழ 1900 கெல்வின். அந்த நிறத்துக்கு ஈடில்லை. எரியக்கூடிய எதிலிருந்தும் ஓரடி தள்ளி வையுங்கள். அறையை விட்டு வெளியேறும்போது அணைத்துவிடுங்கள். குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டில் பேட்டரி விளக்கே போதும்.

கேள்வி: வாடகை வீடு, ஆணி அடிக்கவோ வண்ணம் மாற்றவோ கூடாது. கையில் இருப்பது ஒரு பொருள் வாங்கும் பணம்தான். விளக்கா, கம்பளமா?

அந்த அறையில் நீங்கள் இருக்கும் நேரத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் இருட்டிய பிறகு என்றால், பிளக்கில் சொருகும் தரை விளக்கை வாங்குங்கள். சுவரைத் தொடவே தேவையில்லை, வீடு மாறினாலும் கூடவே வரும். பகலில்தான் அதிகம் இருப்பீர்கள் என்றால், அறை நடுவே நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பின்னும் ஓசை நீண்டு ஒலித்தால் கம்பளம். உடனே அடங்கினால் இரண்டுமே இப்போது வேண்டாம்; சோபாவைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து எழுதுங்கள்.