யாரோ வீட்டில் நான்கு நாட்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் நாமக்கல் பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். வயது 29. ரோட்டரி என்ற சேவைச் சங்கத்தின் தொழிற்பயிற்சிக் குழு ஒன்றில் தேர்வாகி, மூன்று வாரம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போகப்போகிறேன். பால் பண்ணைகள், கால்நடை மருத்துவமனைகள், ஒரு பல்கலைக்கழகம் என்று பகல் முழுக்க நிகழ்ச்சி. ஆனால் தங்குவது அங்குள்ள குடும்பங்களின் வீடுகளில். மூன்று வாரத்தில் ஐந்து வீடு மாற வேண்டும்.

பால் ஒன்றியத்தில் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு பயணம் போனதாக ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறேன். அம்மாவுக்குப் பயம். "முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டுல எப்படிம்மா ராத்திரி தூங்குவே?" என்கிறார். நான் சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டேன். அவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று கூச்சமாக இருக்கிறது. கைக்காசு போட்டு ஓட்டலில் தங்கிக்கொண்டு, பகலில் மட்டும் குழுவோடு சேர்ந்துகொள்ளலாமா என்று யோசிக்கிறேன். வேலையைக் கற்றுக்கொள்ளத்தானே போகிறோம், அதற்கு வீடு எதற்கு சார்?

அன்புடன்,
ஒரு வாசகி, நாமக்கல்

அன்புள்ள டாக்டரம்மா,

ஓட்டல் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியை நானும் கேட்டவன்.

நான் போனது 1997 மே மாதம், விஸ்கான்சினுக்கு. நீங்கள் போகும் மாநிலத்துக்குப் பக்கத்து மாநிலம். அப்போது அந்தத் திட்டத்துக்கு குரூப் ஸ்டடி எக்ஸ்சேஞ்ச் என்று பெயர், சுருக்கமாக ஜி.எஸ்.இ. 1965 இல் தொடங்கி 2013 வரை நடந்தது. ரோட்டரி உறுப்பினர் ஒருவர் தலைவராக வருவார். மற்ற நாலு பேரும் ரோட்டரிக்கு வெளியே உள்ள, ஏதாவது தொழிலில் கால் ஊன்றிய இளைஞர்கள். நாலு முதல் ஆறு வாரம் அங்கே இருக்கலாம். பிறகு அங்கிருந்தும் ஒரு குழு இங்கே வரும். இன்று உங்களை அனுப்பும் தொழிற்பயிற்சிக் குழு அதற்குப் பின் வந்தது.

எங்கள் குழுவில் ஒரு வங்கி அதிகாரி, ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு பிசியோதெரபிஸ்ட், பால் பரிசோதனைக்கூடத்திலிருந்து நான். ஐந்து பேருக்கும் ஒரே நிறத்தில் கோட்டு தைத்தார்கள். நாலு நாளைக்கு ஒருமுறை, ஏதாவது ஓட்டல் வாசலிலோ சர்ச் வாசலிலோ கார்கள் வந்து நிற்கும். மதிய விருந்து, எங்கள் ஸ்லைடு காட்சி, கொடி மாற்றிக்கொள்வது எல்லாம் முடிந்ததும் பெட்டிகள் ஒரு டிக்கியிலிருந்து இன்னொரு டிக்கிக்கு மாறும். பழைய வீட்டம்மா கட்டிப்பிடித்து விடைகொடுப்பார், புதிய வீட்டுக்காரர் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது தடவை எங்கள் ஆசிரியை காரில் ஏறியதும் அழுதுவிட்டார்.

வேலை கற்றுக்கொண்டதைப் பற்றிக் கேட்டீர்கள். மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1890 இல் ஸ்டீபன் பாப்காக் பாலில் கொழுப்பை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தது அங்கேதான். கந்தக அமிலம் ஊற்றிச் சுழற்றி, நீண்ட கழுத்துள்ள பாட்டிலில் கொழுப்பு எத்தனை கோடு ஏறுகிறது என்று பார்ப்பது. நம் பால் கூட்டுறவு சொசைட்டிகளில் வெகுகாலம் கொழுப்பு பார்த்த ஜெர்பர் முறை இதற்கு இரண்டு வருடம் இளையது. பாப்காக் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நல்ல பாலுக்கும் தண்ணீர் கலந்த பாலுக்கும் ஒரே காசு என்ற நிலை அதற்குப் பிறகுதான் மாறியது. விடிகாலையில் சொசைட்டி வாசலில் கேனோடு நிற்கும் நம் ஊர் அம்மாக்களுக்கு அந்த மனிதர் செய்த உபகாரத்தை நினைத்து அந்தக் கட்டடத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் எவர்சில்வர் தொட்டிகளும் குழாய்களுமாகப் பெரிய பெரிய சீஸ் ஆலைகள். எல்லாம் பார்த்தேன், நோட்டில் குறித்தேன். அந்த நோட்டில் இருந்ததை இங்கே இருந்தபடியே பாதிக்கு மேல் படித்துத் தெரிந்துகொண்டிருக்க முடியும்.

படித்துத் தெரிந்துகொள்ள முடியாதது மூன்றாவது வீட்டில் கிடைத்தது.

அது ஐம்பது கறவை மாடு வைத்திருந்த ஒரு குடும்பம். அறுபதை நெருங்கிய கணவன், மனைவி. பிள்ளைகள் வெளியூரில். கல்லூரிக்குப் போன மகனின் அறையை எனக்குக் கொடுத்தார்கள். போனதும் முதலில் காட்டியது நிலவறைக்குப் போகும் படிக்கட்டு. ஊர்ச் சங்கு ஊதினால் சூறாவளி வருகிறது என்று அர்த்தம், யோசிக்காமல் கீழே இறங்கிவிடு என்றார் வீட்டம்மா. முதல் இரண்டு நாள் நான் விருந்தாளி. எழுந்து வந்தால் மேஜையில் காபி இருக்கும், வீட்டுக்காரர் நாலரை மணிக்கே தொழுவத்துக்குப் போயிருப்பார். மூன்றாம் நாள் விடிவதற்கு முன் நானும் எழுந்து போய், ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மகனுடைய ரப்பர் பூட்ஸை எடுத்து முன்னால் வைத்தார்.

வெளியே மே மாதத்திலும் பல்லைக் கிட்டும் குளிர். உள்ளே மாடுகளின் மூச்சிலேயே தொழுவம் கதகதப்பாக இருந்தது. ஒரு மூலையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, மாடுகளுக்காகத்தான். இரண்டு வரிசை, ஒவ்வொரு மாட்டுக்கும் மேலே பெயர் எழுதிய அட்டை. அவர் ஒரு மாட்டுக்குக் குனிந்தால் செய்கிற வரிசை மாறவே மாறாது: முதல் பீச்சு பாலை ஒரு கிண்ணத்தில் விட்டுத் திரி திரியாக வருகிறதா என்று பார்ப்பார், மடிநோய் இருந்தால் அதில் தெரிந்துவிடும். மடியைத் துடைப்பார். ஒரு மாட்டுக்கு ஒரு துணி, அடுத்ததற்கு வேறு துணி. கறவை இயந்திரத்தை மாட்டுவார். கழற்றியதும் நாலு காம்பையும் அயோடின் கரைசலில் முக்கி எடுப்பார். ஐம்பது மாட்டுக்கும், தினம் இரண்டு வேளையும் இதே வரிசை. எனக்குக் கன்றுகளுக்குப் பாட்டில் பால் கொடுக்கும் வேலை. மடிநோய் பற்றி நான் எத்தனையோ பயிற்சி வகுப்பு நடத்தியவன். ஒரு துணியை இரண்டாவது மாட்டுக்குத் தொடாத அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அந்த வகுப்புகளில் என்ன சொல்லாமல் விட்டேன் என்று புரிந்தது.

அன்று காலைச் சாப்பாட்டின்போது பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை தாஜ்மகாலைப் பற்றிக் கேட்டவர், நம் எருமைப் பாலைப் பற்றிக் கேட்டார். ஏழு சதம் கொழுப்பு என்றதும் கையில் இருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு மூன்றரை தாண்டினால் பெரிது. ராத்திரி வீட்டம்மா சமையலறை மேஜையில் கணக்கை விரித்தார். மாதம் இரண்டு தடவை வரும் பால் காசோலை, தீவன பாக்கி, டிராக்டர் கடன். 1996 இலையுதிர் காலத்தில் பால் விலை உச்சத்துக்குப் போய், சில மாதத்திலேயே தடாலென்று விழுந்திருந்தது. எப்படி விழுந்தது என்று கேட்டேன். கிரீன் பே நகரத்தில் வாரம் ஒருமுறை, அரை மணி நேரம் நடக்கும் சீஸ் சந்தையைப் பற்றிச் சொன்னார்கள். அங்கே சில பேர் சொல்லும் விலைதான் நாடு முழுக்கப் பாலின் விலையைத் தீர்மானித்ததாம். நான் போன சமயத்தில்தான் அதை மூடி, வியாபாரத்தைச் சிகாகோவுக்கு மாற்றியிருந்தார்கள். எங்கள் ஊரில் கொள்முதல் விலையைச் சென்னையில் அறிவிப்பார்கள் என்றேன். அவர் மனைவியைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். மூன்று பேருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த அம்மா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினார். பொழுதுபோக்குக்கு என்றுதான் நினைத்திருந்தேன். மருத்துவக் காப்பீட்டுக்காக என்று அந்த ராத்திரி தெரிந்தது. ஐம்பது மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால் காசில் காப்பீடு கட்ட முடியாது, அதனால் பல பண்ணை வீடுகளில் ஒருவர் வெளிவேலைக்குப் போகிறார். இதை எந்த ஆலையிலும் யாரும் ஸ்லைடு போட்டுக் காட்டவில்லை. பால் தொழில் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்த மேஜைதான் ஞாபகம் வருகிறது.

தொழிலையும் வீட்டையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பது ரோட்டரியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1905 பிப்ரவரியில் சிகாகோவில் முதலில் கூடிய நாலு பேரும் நாலு தொழில்: வழக்கறிஞர் பால் ஹாரிஸ், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்காரர். ஒவ்வொருவர் தொழில் நடக்கும் இடத்திலும் மாறி மாறிக் கூடினார்கள், சுழற்சி என்ற பொருளில் ரோட்டரி என்ற பெயர் வந்தது அதனால்தான். உங்களை ஐந்து வீடு மாற்றுவதும் அதே வழக்கத்தின் நீட்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாப்பாடு. "சைவம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், அங்கே அது பாதிதான் புரியும். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறில் செய்த சூப்பும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள். அந்தப் பக்கம் விருந்துகளில் கலர் கலராக வைக்கும் ஜெல்லியில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். அவித்த பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். பை என்ற பழப் பணியாரத்தின் மாவில் சில வீடுகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். சீஸில் பாலை உறைய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்ந்ததும் உண்டு, சேராததும் உண்டு, கேட்டால் சொல்வார்கள். முன்கூட்டியே தெரிவித்தால் இதில் யாருக்கும் தொந்தரவே இல்லை. செய்து வைத்தபிறகு நீங்கள் தொடாமல் இருந்தால்தான் அவர்களுக்கு வருத்தம். ஒருநாள் அடுப்படியை வாங்கிக்கொண்டு நீங்களே சாம்பார் வையுங்கள், பொடியும் பருப்பும் பெட்டியில் இருக்கட்டும். பல வீடுகளில் நாயும் பூனையும் படுக்கையறை வரை வரும், ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். எங்கள் வங்கி அதிகாரிக்குப் பூனை முடியால் மூச்சுத் திணறியது. குழுத் தலைவரிடம் சொன்னார், அன்று மாலையே வீடு மாற்றினார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டிலாவது உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், அதேபோல உடனே சொல்லிவிட வேண்டும்.

கால்நடை மருத்துவர் என்பதால் இன்னொன்று, உங்களுக்கே தெரிந்திருக்கும். அமெரிக்காவில் கோமாரி நோய் 1929 க்குப் பிறகு இல்லை. நம்மிடம் இருக்கிறது. இங்கே தொழுவத்தில் போட்ட பூட்ஸையோ கோட்டையோ எடுத்துப்போகாதீர்கள். விமான நிலையப் படிவத்தில் மாடுகளோடு பழகுபவர் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். நான் மகனுடைய பூட்ஸைப் போட்டேன், நீங்களும் யாருடையதையாவது வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். என் அம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அதற்குப் பதில் அடுத்த ஜனவரியில் தானாகவே வந்தது. அங்கிருந்து வந்த குழுவில் ஒரு பள்ளி ஆசிரியைக்கு ஈரோட்டில் எங்கள் வீட்டில் நாலு நாள் தங்கல். அம்மா கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கச் சொன்னார், பெட்டியில் இருந்த சென்னிமலைப் போர்வையை எடுத்து விரித்தார். முதல் நாள் முழுக்க "அந்தம்மா சாப்பிட்டாங்களா, அந்தம்மா குளிச்சாங்களா" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார், அவரிடம் நேரில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண் அடுப்படிக்குள் வந்து, தரையில் உட்கார்ந்து, அம்மா கையில் இருந்த தேங்காய் மூடியைச் சைகையில் கேட்டு வாங்கித் துருவ ஆரம்பித்தார். பூவும் ஓடுமாகச் சேர்ந்து வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டி, "மெதுவா, கண்ணு" என்றார். அதற்குப் பிறகு போகிற வரைக்கும் "கண்ணு" தான். போகும்போது அம்மா பஸ் வரைக்கும் வந்தார்.

உங்கள் அம்மாவிடம் நீங்கள் போகும் வீடுகளைப் பற்றிச் சொல்வதைவிட, அந்த வீட்டுக்காரர்களையே காட்டலாம். எங்கள் காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேரவே பத்து நாள் ஆகும். இப்போது வீடியோ கால் இருக்கிறது. முதல் வீட்டின் நம்பரை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு அடுப்படிகளையும் ஒருவருக்கொருவர் காட்டச் செய்யுங்கள். மொழி பெயர்க்க நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

அந்தப் பண்ணைக்காரர் 2003 இல் மாடுகளை விற்றுவிட்டார். விஸ்கான்சினில் கறவைப் பண்ணைகள் 2023 வாக்கில் ஆறாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன, நான் போனபோது இருந்ததில் கால்வாசிதான் மிச்சம். விற்ற வாரம் எனக்கு ஒரு கடிதம் போட்டார். வருத்தம் என்று ஒரு சொல் கூட அதில் கிடையாது. தொழுவத்தில் நின்ற வரிசைப்படி மாடுகளின் பெயரை மட்டும் எழுதியிருந்தார், இடப்பக்கம் ஒரு பத்தி, வலப்பக்கம் ஒரு பத்தி. அந்தப் பெயர்களில் ஏழெட்டு எனக்குத் தெரிந்தவை.

திரும்பி வந்ததும் எழுதுங்கள். என்ன வேலை கொடுத்தார்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்.