குளிர் தாங்கும் ஆப்பிள் எது?

கேள்வி: கனடாவின் வின்னிப்பெக் நகரில் வசிக்கிறோம். கடையில் வாங்கும் காலா, ஃபூஜி ஆப்பிள்களை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

பதில்: அந்த இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 35 டிகிரி வரை இறங்குவது ஒருபுறமிருக்க, ஃபூஜி பழுப்பதற்குத் தேவையான நீண்ட கோடைக்காலமும் அங்கே கிடையாது. மரம் பிழைத்தால் மட்டும் போதாது, முதல் உறைபனிக்கு முன்பே காய் பழுத்தாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என் முதல் தேர்வு, மானிடோபாவின் மார்டன் ஆய்வு நிலையம் 1955-இல் வெளியிட்ட குட்லேண்ட். மினசோட்டா பல்கலைக்கழகம் 1922-இல் தந்த ஹரால்சன் புளிப்பும் உறுதியும் கொண்டது, நெடுநாள் கெடாது. அதே பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஹனிகிரிஸ்ப் சுவையில் சிறந்ததுதான், ஆனால் தாமதமாகப் பழுப்பதால் உங்கள் ஊரில் அதை நம்பி இறங்குவது துணிச்சலான காரியம்.

கன்று வாங்கும்போது வேர்க்கன்று, அதாவது ஒட்டுக்கட்டப் பயன்படும் வேருள்ள அடிச்செடி, எது என்று கட்டாயம் கேளுங்கள். ஒட்டின் மேற்பகுதி எவ்வளவு குளிர் தாங்கினாலும் வேர் செத்தால் மரமே போய்விடும். ரஷ்யாவின் அன்டோனோவ்கா என்ற ஆப்பிள் வகையின் விதையில் முளைத்த வேர்க்கன்று நம்பகமானது. மகரந்தச் சேர்க்கைக்கு அதே பருவத்தில் பூக்கும் வேறொரு வகை மரம் அருகில் வேண்டும். பக்கத்து வீட்டுக் காட்டு ஆப்பிள்கூடப் போதும். குளிர்கால வெயிலில் பகலில் சூடேறி இரவில் உறைவதால் அடிமரத்தின் தென்மேற்குப் பட்டை வெடிக்கும் என்பதால், இலையுதிர்காலத்திலேயே வெள்ளை நிற உறையைச் சுற்றிவிடுங்கள்.