உயர்தரத்தை மூன்றாம் முறையும் எழுத வைக்க வேண்டாம், அம்மா

அன்புள்ள அம்மா,

போன கிழமை தலவாக்கலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே: "மிஸ், மக டொக்டராகும்னு நெனச்சுத்தான் இவ்வளவு நாளும் கொழுந்து பறிச்சேன். இப்ப மண்ணுல மருந்து ஒட்டுற படிப்பு படிக்கப் போறேங்குது." அன்று ஆலோசனை கேட்க வந்தவர்களின் வரிசை நீண்டிருந்தது, சரியாகப் பதில் சொல்லவில்லை.

மகள் சொன்னது உண்மையான துறை: மருந்தைப் புற்றுநோய்க் கலத்துக்கே சுமந்து போகும் நனோத் துகள்களைச் செய்யும் இரசாயனவியல். மணலில் இருக்கும் அதே சிலிக்காவை, தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு உருண்டைகளாகச் செய்கிறார்கள். அவற்றின் மேற்பரப்பில் ஐதரொட்சில் கூட்டங்கள் இருக்கும். அங்கே முதலில் அமீனைப் பதித்து, அதோடு பிறபொருளெதிரியின், அதாவது குறிப்பிட்ட கலத்தைத் தேடிப் பிடிக்கும் புரதத்தின், காபொட்சிலிக் கூட்டத்தை இணைக்கிறார்கள். உயர்தரத்தில் உங்கள் மகள் படித்த அதே ஏமைட்டுப் பிணைப்புதான்.

கஷ்டம் அதற்குப் பிறகு. பிறபொருளெதிரி கவட்டைக் கம்பு மாதிரி. இரண்டு கிளையும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால்தான் புற்றுநோய்க் கலத்தைப் பிடிக்கும். கிளைப் பக்கம் உருண்டையில் ஒட்டிவிட்டால் அவ்வளவு வேலையும் வீண். இதை மகளிடம் கேட்டேன். பேப்பரை வாங்கிப் படம் போட்டே காட்டினாள். அந்தப் பிள்ளையை மூன்றாம் முறையும் மருத்துவத்துக்காக உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இது வெறும் ஆய்வுகூட ஆசையும் இல்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான இத்தகைய சிலிக்காத் துகளை மனிதரில் பரிசோதிக்க 2011இல் அனுமதி கிடைத்தது. அதில் ஒட்டியிருந்தது பிறபொருளெதிரி அல்ல, ஒரு சிறிய பெப்டைட்டு, அதாவது குட்டிப் புரதத் துண்டு. தோலில் வரும் மெலனோமாப் புற்றுநோயாளருக்கு, கட்டியைப் படத்தில் பார்ப்பதற்காகக் கொடுத்தார்கள்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். பாதை நீளம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் நான்கு வருட சிறப்புப் பட்டம், அதன் மேல் முதுமாணியோ கலாநிதியோ வேண்டும். ஹோமாகமவில் நனோ தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆனாலும் பலர் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலில்தான் மேலே போகிறார்கள். இடையில் சம்பாதிக்க வேண்டி வந்தால் மருந்துக் கம்பனிகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. உங்கள் ஊர் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் இரசாயனம் தெரிந்தவர்கள் தேவை.

பேராதனையில் பாடம் ஆங்கிலத்தில். எனக்கு அதுதான் பெரிய பயம், காசு அல்ல; காசுக்கு மஹாபொல புலமைப்பரிசில் விண்ணப்பம் இருக்கிறது. இன்றிலிருந்தே தினமும் ஒரு பக்கம் இரசாயனவியலை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் பெறுபேற்றுத் தாளோடு மகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வாருங்கள். பாடநெறி வரிசையை மூவரும் சேர்ந்தே நிரப்புவோம்.