தடம் மாறி வந்து உரசியவர் தப்பு என்மேல் என்கிறார். என்ன செய்வது?

மலேசியாவின் கூட்டரசு நெடுஞ்சாலையில் நேராகப் போன உங்கள் காரை, தடம் மாறி வந்தவர் உரசிவிட்டு, ‘தப்பு உங்கள்மேல்தான், இருந்தாலும் 200 வெள்ளி தருகிறேன், போலீஸ் ரிப்போர்ட் வேண்டாம்’ என்கிறார். அந்தப் பணத்தை வாங்காதீர்கள், எதிலும் கையெழுத்தும் போடாதீர்கள். மேலே சின்னக் கீறலாகத் தெரிந்தாலும், பம்பரைக் கழற்றினால்தான் உள்ளே உடைந்த கிளிப்பும் நசுங்கிய தகடும் தெரியும்.

24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்வது சட்டப்படி கட்டாயம். யார் தப்பு என்பதைப் போக்குவரத்து விசாரணை அதிகாரி பார்ப்பார்; நடுரோட்டில் குரல் உயர்த்துபவர் அல்ல. அதனால் வாக்குவாதத்தை விடுங்கள், சாட்சியத்தைச் சேருங்கள். டேஷ்கேம் பதிவு மேலெழுதப்படும் முன் அதை வெளியே எடுத்து வையுங்கள். கீறல் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் இழுபடுகிறது, அவர் காரின் பெயிண்ட் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கிட்டப் போய்ப் படமெடுங்கள். தடக்கோடும் இரண்டு நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் விழுந்தால் இன்னும் நல்லது.

சரி, பணம்? உங்களிடம் முழுக் காப்புறுதி இருந்து, தப்பு அவர்மேல் என்று முடிவானால், உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமே ‘நாக் ஃபார் நாக்’ முறையில் (தப்பு அவர்மேல் என்றாலும் உங்கள் நிறுவனமே பழுதுச் செலவைத் தரும் முறை) கோரலாமா என்று கேளுங்கள். அதில் என்சிடி, அதாவது கோரிக்கை போடாத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போகாது. சொந்த காருக்கு அது 55 விழுக்காடு வரை ஏறும் என்பதால், சாதாரணக் கோரிக்கை போட்டு அதை இழப்பது பெரிய நட்டம். உங்களிடம் மூன்றாம் தரப்புக் காப்புறுதி (உங்கள் சொந்த காரின் சேதத்துக்குப் பணம் தராதது) மட்டும் என்றால் அவருடைய நிறுவனத்திடம்தான் கோர வேண்டும், அது இழுக்கும்.

அப்புறம், அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். முதலில் உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.