வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியைச் சுட்ட அன்றே கழுவ வேண்டுமா? எண்ணெய் மட்டும் போட்டு வைத்தால் போதாதா?

போதாது. இதில் சோம்பல் பட்டால் குழல் போய்விடும்.

இந்தத் துப்பாக்கியில் கெட்டிக்கும் வெடிமருந்தான கருமருந்து என்பது ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இப்போதைய புகையில்லா மருந்து எரிந்தால் பெரும்பாலும் வாயுவாகிவிடும். கருமருந்து அப்படியில்லை. எடையில் பாதிக்கும் மேல் திடக் கசடாகவே மிஞ்சும். பொட்டாசியம் கார்பனேட், சல்பேட் போன்ற உப்புகள்தான் அவை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், அடியிலிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். மேலே எண்ணெய் பூசினால் உப்பு கரையாது, தார் மாதிரி குழைந்து ஒட்டிக்கொள்ளும்.

உப்பைக் கரைக்கத் தண்ணீரே போதும். முதலில் மருந்தைக் கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டு, வெற்றுக் குழலின் ஆழத்துக்குக் கோலில் இட்ட அடையாளம் வரை இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் உள்ளே மருந்து இருக்கிறது. கழுவும் பேச்சே வேண்டாம். காலியென்று உறுதியானதும் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை தேயுங்கள். கொதிநீர் சீக்கிரம் உலரும் என்பார்கள். உண்மைதான், ஆனால் சூட்டிலேயே மெல்லிய துருப் படலம் வந்துவிடும் என்பதால் எனக்கு வெதுவெதுப்பே பிடிக்கும். தீ உள்ளே போகும் துளையை மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் நன்றாகத் துடைத்து, எண்ணெய் தடவி, மறுநாள் ஒரு துணியை விட்டுப் பாருங்கள். செம்மண் நிறம் தெரிந்தால் திரும்பவும் கழுவுங்கள். அடுத்த முறை கெட்டிப்பதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் மருந்து நனைந்து பற்றாது.