முதலில் ஒரு தோசைக்கல் வாங்குங்கள்

கேள்வி: கல்யாணமாகிக் கோவையில் தனிக்குடித்தனம் வந்திருக்கிறோம். வீட்டுச் சாமான்களை இப்போதுதான் ஒவ்வொன்றாக வாங்குகிறோம். பத்து வருஷமாவது உழைக்க வேண்டும், செய்தவர் வயிற்றில் அடித்ததாகவும் இருக்கக் கூடாது என்று எனக்கு ஆசை. ஆனால் போனைத் திறந்தால் 'ஆர்கானிக்', 'எதிக்கல்', 'ஹேண்ட்மேட்' என்று வருகிற எல்லாமே மூன்று மடங்கு விலை. இதெல்லாம் பணக்காரர்கள் பொழுதுபோக்கு என்கிறார் கணவர். உங்கள் வீட்டில் நிஜமாகவே புழங்குகிற சாமான்களை மட்டும் சொல்லுங்களேன். கையில் ஏழாயிரம் ரூபாய் இருக்கிறது. – வாசகி, கோவை.

பதில்: ஏழாயிரம் தாராளம். பாதி மிஞ்சினாலும் ஆச்சரியமில்லை.

முதலில் தோசைக்கல். வார்ப்பு இரும்பில், கனமாக, பூச்சு எதுவும் இல்லாமல். வார்ப்படத் தொழிலுக்குப் பேர்போன ஊரிலேயே குடியிருக்கிறீர்கள், பழைய இரும்பை உருக்கி வார்த்த கல் உங்கள் ஊர்ப் பாத்திரக் கடைகளிலேயே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதையே அட்டைப் பெட்டியில் போட்டு 'பாட்டி காலத்துப் பாரம்பரியம்' என்று எழுதி விற்கிறவர்களிடம் அந்த அட்டைப் பெட்டிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுப்பீர்கள். புதுக் கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ ஊற்றி வையுங்கள். அப்புறம் துடைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கி ஆறவிடுங்கள், இதையே மூன்று நான்கு தடவை செய்தால் போதும். முதல் சில தோசைகள் ஒட்டும், அவற்றை உப்புமா மாதிரி கிளறிச் சாப்பிட்டுவிடலாம். ஒரு மாதத்தில் கல் பழகிவிடும், அதற்கப்புறம் உங்கள் பேத்தி வரைக்கும் கவலையில்லை. துருப்பிடித்தாலும் பயப்பட வேண்டாம், தேய்த்துவிட்டு மறுபடி எண்ணெய் காட்டுங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் மட்டும் ஊறப்போடாதீர்கள்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லை வார்த்த பட்டறையில் கூலி நியாயமா இல்லையா என்பது எந்த லேபிளிலும் இருக்காது. நாற்பது வருஷத்துக்கு ஒரு கல் வாங்கினால் போதும் என்பதுதான் அதிலுள்ள நியாயம். பூச்சுத் தவா பூச்சு உரிந்ததும் குப்பைக்குப் போகிறது, இது போகாது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சாமான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பவானி ஜமக்காளம். காவிரியும் பவானியும் கூடுகிற ஊர், கோவையிலிருந்து பஸ்ஸில் போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணி வந்து சந்தையை அடைத்துக்கொண்டபோது, அங்கிருந்த ஜங்கமர் நெசவாளர்கள் மில்லோடு மெல்லிய துணியில் மல்லுக்கட்டாமல், தடித்த நூலில் பட்டை பட்டையாகச் சாயம் போட்டு விரிப்பு நெய்ய இறங்கினார்கள். எனக்கு அந்தப் புத்திசாலித்தனமே பிடிக்கும். கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட நம் தலைமுறைக்கு அந்தச் சிவப்பும் பச்சையும் நீலமும் கண்ணை மூடினாலும் தெரியும். தரையில் குழி வெட்டி அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து ஓட்டுகிற குழித்தறியில் நெய்கிறார்கள், அகலமான விரிப்பு என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எங்கள் வீட்டு ஹாலில் கிடப்பது அதுதான். பிள்ளைகள் படிப்பது, விருந்தாளி படுப்பது, மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும்போது நாங்கள் உட்காருவது, எல்லாம் அதன் மேலேதான். முதல் இரண்டு மூன்று சலவை தனியாகப் போடுங்கள், சாயம் கொஞ்சம் இறங்கும். சோபா செட் வாங்க அவசரப்படாதீர்கள், ஒரு நல்ல ஜமக்காளமும் இரண்டு திண்டும் இருந்தால் ஹால் முடிந்தது. (சோபா எதிரே டிவி, டிவி எதிரே சோபா என்று வீட்டை அடைத்துக்கொள்வது எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை, அது வேறு கதை.)

அசல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1985ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்றே 11 இனங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். ஜமக்காளமும் படுக்கை விரிப்பும் அதில் உண்டு. சட்டம் இருக்கிறது, விசைத்தறிச் சரக்கும் பவானி பெயரில் பாதி விலைக்கு விற்கிறது. கையில் தூக்கிப் பாருங்கள், அசலுக்குக் கனம் இருக்கும், இரண்டு பக்கமும் நிறம் ஒரே மாதிரி இருக்கும், பட்டையின் ஓரம் கோடு போட்ட மாதிரி நேராக இல்லாமல் துளி விலகியிருந்தால் இன்னும் நல்லது. இருந்தாலும் கண்ணை மட்டும் நம்பாமல், கூட்டுறவுச் சங்கத்துக் கடையில் பில் போட்டு வாங்குங்கள். 2006லிருந்து கைத்தறி முத்திரை என்று ஒரு லேபிளும் இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

படுக்கை விரிப்புக்கு ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை, அதைத் தாண்டி நான் யோசிப்பதே இல்லை. அங்கே நெசவாளர் கூட்டுறவை வளர்த்த எம்.பி. நாச்சிமுத்துவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அவர் வழிவந்த சங்கங்கள் இன்றும் நெய்து விற்கின்றன. புதிதில் கொஞ்சம் முரடாக இருக்கும், துவைக்கத் துவைக்கத்தான் மெத்தென்று ஆகும். கடைக்காரர் காட்டுகிற வழுவழுப் பாலியஸ்டர் விரிப்பு நேர் எதிர், முதல் நாள்தான் அதற்கு அழகு. கோவையிலேயே கோ-ஆப்டெக்ஸில் பாருங்கள். 1935இல் தொடங்கிய நிறுவனம், லாபத்துக்குக் காத்திருக்கிற முதலாளி கிடையாது, தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி கொடுப்பது வழக்கம். அவசரமில்லை என்றால் அதுவரை பொறுங்கள்.

இப்போது உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி சரி. நியாயமான பொருள் என்பதற்காக நியாயமில்லாத விலை கொடுக்க வேண்டியதில்லை. நெசவாளிக்குக் கூலி கூடியதால் விலை ஏறியிருந்தால் சந்தோஷமாகக் கொடுக்கலாம், போட்டோ எடுத்தவருக்கும் விளம்பரத்துக்கும் ஏறியிருந்தால் எதற்கு? விற்கிறவரிடம் யார் நெய்தது, எந்த ஊர், எந்தச் சங்கம் என்று கேளுங்கள். உடனே ஊர்ப் பெயர் சொல்கிறவரிடம் வாங்கலாம். 'எங்கள் கைவினைஞர்கள்' என்று ஆரம்பித்து ஊரே வராமல் பேச்சு முடிந்தால் போனை வைத்துவிடுங்கள். 'ஆர்கானிக்' பருத்தி என்றால் காட்ஸ் (GOTS) என்கிற சர்வதேச ஆர்கானிக் துணிச் சான்றின் முத்திரையும் உரிம எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண்ணை இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். அதிலும் இரண்டு படி உண்டு, ஒன்றில் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் நார், இன்னொன்றில் 70. அரிசி பருப்பு என்றால் ஆர்கானிக் உணவுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற ஜைவிக் பாரத் சின்னம். வெறும் பச்சை இலைப் படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

பாதி சரி என்றேன், மீதிப் பாதி சரியில்லை. மலிவான துணிக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார். உங்கள் பக்கத்து ஊர்க்கதையே போதும், சாயக்கழிவில் நொய்யல் நாசமாகி, 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. நூற்பாலைகளில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்துவைத்த 'சுமங்கலி' திட்டத்தையும் நம் கொங்கு மண்டலம் பார்த்திருக்கிறது. கைத்தறியும் இதிலிருந்து முழுக்கத் தப்பவில்லை, தறி கையால் ஓடினாலும் நூல் பெரும்பாலும் மில் நூல்தான். நூற்பதும் நெய்வதும் கையாலேயே நடப்பது கதரில். அதனால் துண்டும் கைக்குட்டையும் மட்டும் நான் சர்வோதய சங்கத்தில் வாங்குகிறேன், ஈரத்தை அப்படி இழுக்கிற துண்டு வேறு கிடையாது. நூறு சதம் சுத்தமான பொருளைத் தேடினால் ஒன்றும் வாங்க முடியாது, ஆனால் இருப்பதில் எது மேல் என்று பார்க்கலாம்.

இன்னும் இரண்டு சின்னச் சாமான். பத்தமடைக் கோரைப்பாய், அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற பட்டுப்பாய் வேண்டாம், படுக்கிற சாதாரணப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரை, கோடையில் முதுகுக்குக் குளிர்ச்சி அது ஒன்றுதான். மடிக்காமல் சுருட்டி வையுங்கள், ஈரம் மட்டும் படக் கூடாது. அப்புறம் தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டில் பெண்கள் பின்னுகிற பனையோலைப் பெட்டி. எங்கள் வீட்டில் பூண்டும் வெங்காயமும் அதில்தான், காற்றோட்டம் இருப்பதால் சீக்கிரம் அழுகுவதில்லை.

வாங்க வேண்டாதது எது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூங்கில் டூத் பிரஷ்: பிடிதான் மூங்கில், நார் பெரும்பாலும் நைலான். விலையுயர்ந்த துணிப்பை: வீட்டில் ஜவுளிக்கடை மஞ்சப்பை நாலாவது கிடக்கும், அதுவே போதும். 'சமையலறையை மாற்றுங்கள்' என்கிற முழு செட்: அதற்குள் போகவே வேண்டாம். கல்யாணத்துக்கு வந்த நான்ஸ்டிக் சட்டி நன்றாக இருந்தால் பூச்சு கீறும்வரை புழங்கிவிட்டு மாற்றுங்கள்.

தோசைக்கல் இந்த வாரமே, ஜமக்காளம் பவானிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய், போகிற முன் கடை திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டு. விரிப்பு தீபாவளிக்கு. கல் ஒட்டுகிறது என்றால் எழுதுங்கள், மாவிலா கல்லிலா கோளாறு என்று பார்ப்போம்.